‘திரும்பி வா’ அட்டையின் வலப்பக்கம்

“காதுல பஞ்சு வெச்சிருக்காங்களான்னு கேளு டெல்மா! நான் ஆம்பளை பேசுற மாதிரிதானே…”

“பஞ்சு இல்ல, பதினாலு வருஷமா அவரு குரல்தான் அடைச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லு! அப்போ அட்டையில ஏன் பொம்பளைப் பேச்சு…”

“நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் சொன்னேன், எழுதினதுல…”

“எழுதினதைத்தானே நான் படிக்கிறேன்!”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினா யாரு சொன்னதை யாருக்கு நான் சொல்றது? எனக்கு இருக்கிறது ஒரே வாய் சின்னம்மா!”

பெருமதிப்பிற்குரிய லவீனா மெரிக் அம்மையீர்! நம் ஓமாஹா பழங்குடி மொழியின் ஒன்பதாயிரம் சொற்களை ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் ஏந்தி, காலணிப் பெட்டிகளில் கண்ணுறங்க வைத்துக் காத்த காவலரே! மேசி நகரின் பள்ளிச் சமையலறைக்குப் பின்னே, உருளைக்கிழங்கு மூட்டைகள் கிடந்த ஒற்றை அறையை இருபத்தாறு ஆண்டுகள் மொழியின் இல்லமாக்கிய மூதறிவாளரே! தங்கள் பணி ஓய்வு விழாவில் பாராட்ட வந்தவர்கள் பழைய சண்டையில் தொடங்கியதைப் பொறுத்தருள்க. தங்களை நினைத்தால் எங்கள் காதில் முதலில் விழுவது அந்தச் சண்டைதான்.

தங்களுக்கு வாய்த்த பணித்துணையோ பெரும் சோதனை. நம் வினைச்சொற்களில் ஏவும்போது ஆண் வாயில் ‘க’ என்று முடியும். பெண் வாயில் ‘அ’ என்று முடியும். ஆகவே அகராதி அட்டையின் இடப்பக்கம் பெண் சொல், வலப்பக்கம் ஆண் சொல் என்று கோடு கிழித்தீர்கள். “வலப்பக்கம் ஆம்பளை வாயில இருந்து வந்தாத்தான் எழுதணும். எனக்குத் தெரியும்னு நானா எழுதினா அது என் கற்பனை” என்று விதியும் வகுத்தீர்கள். அந்த விதிக்கு இசைந்து நாள்தோறும் வந்து அமர முன்வந்த ஆண்மகன் ஆம்புரோஸ் ஹார்லன் ஒருவரே. அவரோ தங்கள் தமக்கை மகள் டெல்மாவைக் கட்டியவர். எனவே தங்களுக்கு மருமகன். வயதில் தங்களைவிட மூன்றாண்டு மூத்தவராயினும் மருமகன் மருமகனே. மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது நம் மரியாதை. அவர் சமையலறைப் பக்கம், சன்னலைப் பார்த்து முதுகு காட்டி அமர்வார். தாங்கள் உள்ளே பெட்டிகளோடு அமர்வீர்கள். இடையே வாசற்படியில் நாற்காலி போட்டு டெல்மா. மடியில் அட்டை, கையில் பென்சில். ஒரு சொல் அங்கிருந்து புறப்பட்டு, அவள் வழியாக, தங்களிடம் வந்து சேரும். அப்படித்தான் பதினான்கு ஆண்டுகள் ஓடின.

அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க அமர்ந்த அந்த இலையுதிர்காலக் காலையில்தான் தாங்கள் கண்டீர்கள்: நானூற்றுப் பன்னிரண்டு வினைகளின் வலப்பக்கத்தில் ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘அ’ உட்கார்ந்திருந்தது. அதன்பின் எழுந்ததே மேலே சொன்ன கூச்சல். கடைசியில் டெல்மாதான் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“சின்னம்மா… அவரு சரியாத்தான் சொன்னாரு. நான் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்க்குள்ள சொல்லிப் பாப்பேன். என் வாயில ‘க’ எப்படி வரும்? ‘அ’ன்னுதானே வரும். வாயில வந்ததையே கை எழுதிடுச்சு.”

 சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

“பதினாலு வருஷமா என் பேச்சுக்கெல்லாம் பொம்பளைச் சால்வை போத்தி அனுப்பியிருக்கே. நான் எவ்வளவு அழகா இருந்தேன்னு உங்க சின்னம்மாவைக் கேளு.”

அன்று தாங்கள் சிரித்த சிரிப்பை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. அப்படியே அச்சிட்டால் அதைப் படித்துப் பேசும் ஆண்களை ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று கூறி, சிவப்பு மையால் வலப்பக்கம் முழுவதையும் அடித்தீர்கள். மீண்டும் முதலிலிருந்து! அப்போது தங்களுக்கு வயது அறுபத்தாறு.

முப்பத்தோராம் அட்டையோடு டெல்மா படுத்தாள். சர்க்கரை முதலில் காலைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. பனி பெய்த பிற்பகலில் மருத்துவ ஊர்தியில் அவளை ஏற்றினார்கள். கதவு சாத்தப்படும்போது ஆம்புரோஸ் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: “கீ-க.” திரும்பி வா. அங்கே நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம். சாலைக்கு அப்பால் முக்காடிட்டு, முகம் திருப்பி நின்ற தாங்களும் கேட்டீர்கள். அவள் திரும்பவில்லை.

ஆற்றாமையை ஆற்றலாக்கிய அம்மையீர்! அடுத்த கோடையில் அவர் மீண்டும் வந்து அதே சன்னலோரத்தில் அமர்ந்தார். வாசற்படி நாற்காலி காலியாகக் கிடந்தது. எங்களில் ஒருத்தி உட்காருகிறேன் என்றதற்கு இருவருமே தலையசைக்கவில்லை. தாங்கள் காப்பிக் கெண்டியைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் வைத்தீர்கள்.

“கெண்டி, ‘உட்காரு’ன்னு ஆம்பளைங்க எப்படிச் சொல்வாங்கன்னு அவரைக் கேளு.”

“கெண்டி, சொல்றேன்னு சொல்லு. முதல்ல இந்தக் காப்பியில ஏன் இவ்வளவு தண்ணின்னும் கேளு.”

“டெல்மா போட்ட காப்பி இல்ல, குடிச்சா குடிக்கட்டும்னு சொல்லு.”

நான்கு ஆண்டுகள், அம்மையீர்! டெல்மா முடித்த முப்பத்தொன்று போக, முந்நூற்று எண்பது அட்டைகள் அந்தக் கெண்டி வழியாகவே திருந்தின. எஞ்சியது ஒன்று. ‘திரும்பி வா’ என்ற அட்டை வரும்போதெல்லாம் அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொள்வார். “கெண்டி, இதை அப்புறம் சொல்றேன்னு சொல்லு.” தாங்களும் வற்புறுத்தவில்லை. அட்டையைப் பெட்டியின் கடைசியில் செருகினீர்கள். சென்ற பிப்ரவரியில் ஒரே நாளில் இரண்டு முறை.

இரண்டாம் முறை அவர் வாசலில் சற்று நின்றார். “கெண்டி, நாளைக்குக் கண்டிப்பா சொல்றேன்னு சொல்லு” என்றார். விடிந்தபோது அவர் இல்லை. படுக்கையிலேயே நின்றுவிட்டது மூச்சு.

நான்கு நாள் கழித்து அறையைத் திறந்தீர்கள். அச்சகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்த பெண், “ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு, விட்டுப்போச்சா?” என்று கேட்டாள். “விட்டுப்போகல. காலியாத்தான் இருக்கு” என்றீர்கள். எழுத வேண்டியது ஒரே எழுத்து. அது என்ன என்று தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். “அவர் சொன்னதை நம்ம காதாலேயே கேட்டோமே, அதை எழுதிடலாமே” என்று நாங்கள் மன்றாடினோம். தங்கள் மறுமொழியை இந்த மடலில் பொறிக்காமல் விட்டால் மற்ற புகழுரையெல்லாம் வெறும் மை.

“அது டெல்மாவுக்குச் சொன்னது. அகராதிக்குச் சொன்னது இல்ல.”

ஆகவே அகராதி அந்த வெறுமையோடே அச்சாகிறது. முதல் படி தங்கள் பணிக்காலத்திற்குள் வந்து சேரவில்லை என்பதும் எங்கள் மனக்குறை. தங்கள் இடத்திற்கு இன்னும் எவரும் அமர்த்தப்படவில்லை. அறையை மீண்டும் பண்டசாலையாக்கும் பேச்சு காதில் விழுகிறது. விழாவில் சொல்லத் தகாதது எனினும், தங்களிடம் பொய் எழுதி வாங்கிக் கட்டிக்கொள்ள எங்களுக்குத் தெம்பில்லை.

சொல்லுக்குச் சொல் நேர்மை சேர்த்த செம்மலே! தங்கள் முழங்கால் வலி தணிக! டெல்மாவைக் கொண்டுபோன நோய் தங்கள் வாசலைக் கடந்து போகட்டும்! மிசௌரி ஆறு பனி உடைத்துப் பாயும் வசந்தங்கள் பலவற்றைத் தாங்கள் தங்கள் கண்ணால் காண்பீராக! இந்தப் போர்வையை ஏற்றருள்க. தடிமனாகப் பார்த்துத்தான் வாங்கினோம்.

இங்ஙனம், தங்கள் குரல் கேளாமல் காலை விடியுமா என்று கலங்கி நிற்கும்,
மேசி அகராதி அறையினரும் பள்ளிச் சமையலறையினரும்.

கையொப்பத்திற்குக் கீழே எழுதுவது முறையன்று. ஆனால் சட்டம் போடக் கொடுக்கும் முன் இதையும் சேர்த்தோம். சென்ற வெள்ளிக்கிழமை பெட்டிகளைக் கட்டி முடித்துத் தாங்கள் தனியே இருப்பதாக எண்ணியிருந்தீர்கள். நாங்கள் கஞ்சிப் பாத்திரங்களோடு கதவுக்கு அப்பால் நின்றோம். தாங்கள் கெண்டியை நாற்காலியிலிருந்து எடுத்துக் கழுவிக் கவிழ்த்தீர்கள். முக்காட்டை நீக்கினீர்கள். எழுதாத அட்டையைக் கையில் பிடித்தபடி சன்னலோர நாற்காலியை நேருக்கு நேர் பார்த்தீர்கள். இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, இடையில் எவருமின்றிப் பேசினீர்கள்.

“கீ-அ, மருமகனே. கீ-அ. அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”