அக்காவிடம் சொல்லாத ஒன்று

செருப்பு வாங்கும்போது நான் எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவேன் மேடம். அக்காவின் கால் என் காலைவிடக் கொஞ்சம் நீளம். அவளும் போட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா. நடக்கும்போது குதிகாலில் டப்டப்பென்று அடிக்கும். நான் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்று மாமா கேலி செய்வார். அக்காவின் கணவரைச் சொல்கிறேன். இப்போது வெளியே பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கும் அக்காவுக்கும் ஏதோ பகை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பகையெல்லாம் கிடையாது. அக்கா தங்கமானவள். சின்ன வயதிலேயே எங்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாமல் போய்விட்டார்கள். எனக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அவள்தான். கல்யாணம் பேசும்போதே, "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன், சம்மதமா?" என்று மாமாவிடம் நேராகக் கேட்டவள். அவரும் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்பார்.

அக்காவிடம் ஒரே ஒரு விஷயம். எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. அடுத்தவரையும் வைத்துக்கொள்ள விடமாட்டாள். நான் முதல் சம்பளத்தில் வாங்கிய போர்வையைச் சித்தி வந்தபோது மடித்துக் கொடுத்துவிட்டாள். என் குடை பக்கத்து வீட்டில் இருக்கும், என் கைப்பை அத்தையோடு ஊருக்குப் போயிருக்கும். கேட்டால் சிரிப்பாள். "நமக்குள்ள என்னடி?" என்பாள். அதற்கு மேல் பேசினால் நான்தான் அற்பமாகத் தெரிவேன். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

பொருளாவது பரவாயில்லை. செய்தியும் அப்படித்தான். போனில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அக்காதான் அதற்கு உயிர். எனக்குத் தலைவலி என்றால் அரை மணி நேரத்தில் சித்தப்பா போன் செய்து என்ன மாத்திரை என்று கேட்பார். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கிறேன், பால் பூத்காரரின் மனைவி பழத்தோடு நிற்கிறாள். "அதனால என்னம்மா, அக்கா பிள்ளைங்க உன் பிள்ளைங்க மாதிரி" என்றாள். அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வீடும் பெரிதில்லை மேடம். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு கூடம். கூடத்தில் பீரோவுக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிற இடம் என்னுடையது. அந்த வீட்டில் நான் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே கதவு குளியலறைக் கதவு. அதற்கு வெளியே நின்றும் அக்கா பேசுவாள். பதில் வரவில்லை என்றால் தட்டுவாள். பாசத்தில்தான் மேடம். அதை நான் மறுக்கவே இல்லை.

எனக்கு வேலை ரத்தப் பரிசோதனை லேபில். ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறேன். பக்கத்துக் கிளினிக்குகளிலிருந்து ரத்தக் குழாய்களை ஐஸ் டப்பாவில் வைத்து வண்டியில் கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். டப்பாக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். மதியம் டப்பாவை இறக்கிவிட்டு, ஒரு டீயைக் குடித்து முடிக்கும்வரை என் கவுண்டர் ஓரமாக நிற்பார். சில நாள் நானும் டீ குடிப்பேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அது எனக்கு நன்றாக இருந்தது. அந்த நேரம் வருவதற்கு முன்னால் தலையைச் சரிசெய்துகொள்வேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "யாருடி அது?" என்றாள். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் குரூப்பில் வாழ்த்துகள் குவிந்தன. மறுநாள் அத்தையும் அத்தையின் சிநேகிதியும் சர்க்கரை பார்க்க வந்த சாக்கில் லேபுக்கே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். சித்தப்பா எங்கிருந்தோ நம்பரைப் பிடித்து, "எப்ப வீட்டுக்கு வர்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டாராம். பாவம், மனுஷன் வெலவெலத்துப் போயிருப்பார். அடுத்த வாரம் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் எனக்கும் சேர்த்து அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மாற்றலுக்கு நான் எழுதிப் போட்டேன். எங்கள் லேபுக்குத் தூரத்து ஊரில் புதிய கிளை திறக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. கிடைத்துவிட்டது. தங்குவதற்கு ஒரு அறையின் படத்தைப் போனில் அனுப்பினார்கள். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கிளம்பும் நாளன்று காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் குளியலறை வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"உன் லேப்லயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்டி. மாமாகிட்ட சொல்லிடாத. யார்கிட்டயும் சொல்லாத. பயந்துடுவாங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் வாயிலிருந்து 'சொல்லாத' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் என்னோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மதியம் டெக்னீஷியன் தம்பி என்னை உள்ளே கூப்பிட்டான். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன. பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. அந்த அளவில் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தால் உடனே போன் செய்து சொல்ல வேண்டும். அதைச் செய்வதும் என் வேலைதான். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதறாமல் சொல்வேன் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

"ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேங்க்கா. உங்க அக்காதானே? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே டயாலிசிஸ் பண்ணினா காப்பாத்திடலாம்" என்றான் தம்பி.

நான் அவன் எதிரிலேயே போனை எடுத்துக் காதில் வைத்தேன். "அக்கா, கிளம்பி இரு. நான் வந்துட்டே இருக்கேன். ஒண்ணும் பயப்படாத" என்றேன். மறுமுனையில் யாரும் இல்லை. நான் எண்ணை அழுத்தவே இல்லை. தம்பி நிம்மதியாகத் திரும்பிப் போனான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அடுத்த ஒரு வருஷம் என் கண்ணெதிரில் வந்து நின்றது மேடம். முதலில் டயாலிசிஸ். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி. கூடப் போக நான். பிறகு ஒருநாள் எல்லாரும் கூடத்தில் கூடுவார்கள், நான் படுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். "ஒரே ரத்தம், ஒரே குரூப்" என்பார் சித்தப்பா. "ரெண்டு கிட்னி இருக்கே, ஒண்ணு போதும்னுதானே டாக்டரே சொல்றாரு" என்பாள் சித்தி. "கல்யாணம் காட்சின்னு ஆயிருந்தா யோசிக்கலாம். அவளுக்கு என்ன?" என்று அத்தை முடித்துவைப்பாள். அக்கா மட்டும் எதுவும் கேட்கமாட்டாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் கொடுத்துவிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொடுத்துவிட்டு, வயிற்றில் தையலோடு, திரும்பவும் பீரோவுக்கும் டிவிக்கும் நடுவில் படுத்திருப்பேன்.

அதனால் சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே என்று அக்காவே கேட்டிருந்தாள். அவளிடம் சொல்வதற்கு என்ன தடை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவளிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்னதாகத்தான் ஆகும். அவளைத் தெரிந்த யாரும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

வீட்டுக்குப் போனதும், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்றாள். "நாளைக்குத்தான் வரும்" என்றேன். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. மாமா தட்டித் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குரூப்பில் நான்தான் போட்டேன். எங்கள் குடும்பத்துச் செய்தி ஒன்றை முதல் ஆளாக நான் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் அழுதேன். நடிப்பு இல்லை. அவள் இல்லாத வீட்டில் குளித்தபோது யாரும் கதவைத் தட்டவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

துக்கம் கேட்க லேபிலிருந்து வந்தார்கள். மேனேஜர் என் மாற்றலைப் பற்றி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். "குடும்பம் இப்படிக் கெடக்கும்போது அவ எங்க சார் போவா?" என்று மாமாவே ரத்து செய்யச் சொல்லிவிட்டார். டெக்னீஷியன் தம்பி, "அன்னைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டான். மாமா விழித்தார். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. போலீசைக் கூப்பிடுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

மன்னித்துவிட்டார்கள். "பதட்டத்துல மறந்திருப்பா, பாவம்" என்றாள் சித்தி. "தப்பு என்னோடது. பக்கத்துலயே படுத்திருந்தேன், எனக்கே தெரியல" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். போன் செய்ய நினைத்தும் செய்யவில்லையே என்றார் சித்தப்பா. கால் வீக்கத்தைப் பார்த்தும் சும்மா இருந்துவிட்டேனே என்றாள் அத்தை. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம்.

அதோடு நிற்கவில்லை. போன வாரம் அத்தை பேச்சை எடுத்தாள். "அவரும் தனியாளு, இவளும் தனியாளு. வெளியில எதுக்குத் தேடணும்? ஊர் வாயும் அடங்கும், வீடும் வீடா இருக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். மாமாவும் சரி என்றார். நான் லேபிலிருந்து வருவதற்குள் சித்தி என் தலையணையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். அக்காவின் தலையணை இருந்த பக்கம். கட்டில்மேல் அக்காவின் சேலைகளை எனக்காக மடித்து வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நடந்தே வந்தேன்.

இப்போது வெளியே மாமா உங்கள் ஆட்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதிர்ச்சியில் உளறுகிறாள், மறந்துதான் போனாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பார். சித்தி சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாள். நீங்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள். வேண்டாம் மேடம். மறந்தேன் என்று எழுதாதீர்கள். இதுவரை சொன்னது முழுவதும் இல்லை.

அன்று லேபிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போய் நல்ல சிவப்பு மாதுளையும் ஆரஞ்சும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தவர்களிடம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்ன கையோடு நான் சொல்லும் அடுத்த வார்த்தை, பழச்சாறு ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள் என்பதுதான். அதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, இதயத்தை நேராகப் போய்ப் பிடிக்கும். வீட்டில் இருந்ததிலேயே பெரிய சொம்பு நிறையப் பிழிந்தேன். சர்க்கரை போட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொம்பைக் கையில் கொடுத்ததும் அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? நானாக அவளுக்கு எதையும் கொண்டுவந்து கொடுத்ததே இல்லை. அவளாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். "ரொம்ப நல்லாயிருக்குடி. பாதி நீ குடி" என்றாள்.

"வேண்டாம்க்கா, உனக்குத்தான் போட்டேன்" என்றேன். அவள் விடவில்லை. மாமாவுக்காவது கொஞ்சம் எடுத்து வைக்கிறேன் என்றாள். அதற்கும் நான் விடவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, சொம்பின் அடியைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை அவளையே குடிக்க வைத்தேன்.

அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். மாமாவை உள்ளே விடாதீர்கள் மேடம், அவரும் தன் பெயரைச் சேர்க்கச் சொல்வார்.