மூன்றாவது விரல்

ஒரு சிட்டிகை உப்பு எடுக்கத் தெரிந்தவனுக்கு மூன்று விரல்களைச் சேர்த்து வைக்கத் தெரியாமல் போகாது. ஐயா இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பட்டறையில் சிமெண்டுக் கல் செய்கிறோம். கலவை டிரம்மை ஓட்ட ஒரு பழைய லேப்டாப். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் முதலாளியின் மருமகன். முதலாளி மாப்பிள்ளை என்று கூப்பிடுவதால் பட்டறைக்கே அவர் மாப்பிள்ளை சார். பெரிய படிப்பு. டிரம்மை உடனே நிறுத்தச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நாங்கள் டீ குடிக்கப் போவதற்காகவே அமுக்குகிறோம் என்று கண்டுபிடித்து அதைக் கழற்றி எறிந்தார். இனிமேல் லேப்டாப்பில் விரலால் தடவுகிற டச்பேடில் ஒரு விரல் தட்டினால் டிரம் ஓடும், மூன்று விரலை வைத்தால் நிற்கும். அவருடைய புது லேப்டாப்பில் நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

எங்கள் லேப்டாப்பில் நிற்கவில்லை. எங்களோடு வேலை பார்த்த என் மச்சினன் கை டிரம்முக்குள் மாட்டிய அன்று நான் மூன்று விரலையும் வைத்தேன். திரையில் இருந்த பக்கம் மரியாதையாக மேலே நகர்ந்தது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் அவனுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

"யோவ், உன் விரல் காய்ச்சுப் போய்க் கிடக்கு. அது விரல்னே டச்பேடுக்குத் தெரியல. தப்பு உன் மேலதான்" என்றார் மாப்பிள்ளை சார்.

என் மனைவிக்கு அது போதும். "என் தம்பி கதறுறான், நீங்க அங்க தடவிக்கிட்டு நின்னீங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பேச்சில்லை.

லேப்டாப் பழுது பார்க்கிற கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, இந்தப் பேடுக்கு லினக்ஸ்ல இருக்கிற டிரைவர் ரெண்டு விரல்தான் எண்ணும். மூணாவது அதுக்குக் கணக்குலயே இல்ல. பத்து விரல வச்சாலும் பக்கம் மேலயும் கீழயும் போகும், அவ்வளவுதான்" என்று சிரித்தார். டிரைவர் என்றால் விரலை எண்ணிச் சொல்கிற கணக்குப்பிள்ளை போல ஏதோ ஒன்றாம். இரண்டுக்கு மேல் தெரியாத கணக்குப்பிள்ளை. நானே நாற்பது வயதில்தான் எழுத்துக் கூட்டினேன், அதைக் குறை சொல்ல நான் யார்?

மாப்பிள்ளை சாரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றும் கேட்டேன். "என் லேப்டாப்ல வேலை செய்யுதேய்யா" என்றார்.

போன வாரம், டிரம்மில் ஒட்டிய கலவையை நாங்கள் சரியாகச் சுரண்டுவதில்லை என்று காட்ட அவரே உள்ளே இறங்கினார். நல்ல வெளிச்சம். ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த மனைவியும் வாசலில் நின்றாள். இப்படி எல்லாம் கூடி வருவது அபூர்வம்.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கத்தத் தொடங்கியதும் மூன்று விரலையும் வைத்தேன். பக்கம் மேலே போனது. எடுத்து மறுபடி வைத்தேன். கீழே வந்தது. "எல்லாரும் பாத்துக்கங்க" என்றேன். மனைவியைக் கூப்பிட்டு, "நீயும் வச்சுப் பாரு. உன் விரல் மெத்துன்னுதானே இருக்கு" என்று இடம் விட்டேன். அழுதுகொண்டே வைத்தாள். அவளுக்கும் பக்கம்தான் நகர்ந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

அன்று பூட்டியிருந்த மெயின் சுவிட்ச் அறையின் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் உள்ளே இருக்கும்போது டிரம்மை ஓடவிட்டது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓடாத ஒன்றை நிற்காது என்று எப்படி ஐயா நிரூபிப்பது?