ஒன்பதில் ஆறாவது வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போகிறவர், விற்பவரோடு கை குலுக்குவதற்கு முன்னால் இஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் சந்தேகப்பட வேண்டும். ஆள் வருமுன்னே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் கோளாறு காதில் விழும். இதை என் மகன் ரெல்யாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. போலீஸ் சம்பளத்தில் புது வண்டியா வாங்கப் போகிறீர்கள்.

போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நீல வண்டி வேண்டாம் என்று ஏப்ரல் மாதமே மகனை எச்சரித்தேன் என்றேன்; எச்சரித்தது உண்மை. பிறகு அவன் ஃபோன் செய்தானே, என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி என்றேன், அதுவும் பேசினோம். ஆனால் நான் சொல்லாமல் விட்ட பாதியால் குச்சா ஊர் மிலேத்தா பெரியவர் மேல் வழக்கு வந்துவிட்டது. வண்டி உடைந்திருந்ததை மறைத்து விற்றார் என்று. அந்த மனுஷன் எதையும் மறைக்கவில்லை. நேற்று ரெல்யாவுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருப்பது அழகில்லை.

என்னைப் பற்றி உங்கள் காகிதத்தில் இருக்கும். ராதென்கோ, வயது அறுபத்தொன்று, சாச்சாக் பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருடம் வெல்டர். மனைவி ஸ்லாவிட்சா விவாகரத்து வாங்கிக்கொண்டு க்ராலியெவோவுக்குப் போனபோது பையனுக்குப் பதினோரு வயது. இரண்டு ஊருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர். பதினாறு வருடத்தில் அந்த நாற்பது கிலோமீட்டரை நான் எத்தனை முறை கடந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வேலை இருந்தது, உடம்பு சரியில்லை, கார் சரியில்லை.

இந்த வருடம் மார்ச் மாதம் அவனே கூப்பிட்டான். "நான் ரெல்யா பேசறேன். ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன், பழசுதான். ரெண்டாயிரம் யூரோ சேத்து வெச்சிருக்கேன். உங்களுக்கு வண்டி நல்லாத் தெரியும்னு அம்மா சொன்னாங்க. கூட வர முடியுமா?" என்றான். பிள்ளை அப்பனிடம் பேசுவது போலவா இருந்தது? பாங்க் மேனேஜரிடம் பேசுவது போல இருந்தது. எனக்கு அதுவே போதும். அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

முதல் வண்டி மிலானோவாட்ஸ் பக்கத்தில். டயர் இரண்டும் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன, செயின் தொங்கியது. டயரும் செயினும் மாற்றினால் தீர்ந்தது. இருந்தாலும் முதல் வண்டியையே வாங்க வேண்டாம் என்றேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு வண்டி வாங்கவில்லை, ஆனாலும் விற்கிறவர் எங்களை விடவில்லை. நம் ஊர்தான் உங்களுக்குத் தெரியுமே. வண்டி பார்க்க வந்தவனைச் சும்மா அனுப்பினால் மானம் போய்விடும். முதலில் ஒரு ஸ்பூன் பழப்பாகும் தண்ணீரும், பிறகு காபி, பிறகு ப்ளம் சாராயம், பிறகு அந்த வீட்டம்மா பன்றிக்கறியும் ஊறுகாயுமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நானும் என் மகனும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் இடது கையால் ரொட்டி பிய்க்கிறவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வண்டி இவான்யிட்சாவில். வெள்ளி நிறம், அறுநூறு சி.சி., ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. குளிர்ந்த இஞ்சின், ஒரே அழுத்தில் பிடித்தது. ஓட்டிப் பார்த்தேன், பிரேக், கிளட்ச், ஃபோர்க் எல்லாம் சுத்தம். எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார் வாத்தியார். அந்த விலைக்கு அப்படியொரு வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம். திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். ரெல்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மேஜையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நான் நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் அதை ஓட்டிக்கொண்டு க்ராலியெவோ போய்விடுவான். நான் தனியாகக் காரில் வீட்டுக்குப் போவேன். "டைமிங் செயின் சத்தம் போடுதுடா. ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது" என்றேன்.

பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவன் நம்பியது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாவது வீட்டில் விற்கிறவர் என்னைக் காட்டி, "யாரு தம்பி, கையோட மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்துட்டியா? உஷாரான ஆளுதான்" என்று கிண்டலாகக் கேட்டார். ரெல்யா சாதாரணமாக, "மெக்கானிக் இல்லீங்க. எங்கப்பா" என்றான். நான் குனிந்து செயினைப் பார்ப்பது போல வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது காரில், "பசிக்குதாப்பா உனக்கு?" என்றான். காலையில் கிளம்பும்போது 'நீங்க'. சாயங்காலம் 'நீ'. அந்த வண்டியிலும் ஒரு குறையும் இல்லை, அம்மா. ஃபிரேம் வளைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

இப்படியே நாலாவது, ஐந்தாவது. ஒன்றுக்கு பேரிங், ஒன்றுக்கு கார்புரேட்டர். சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒவ்வொரு ஊராகப் போனோம். போகும்போதும் வரும்போதும் பேசினான். வேலை செய்கிற மர ஃபாக்டரியைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி, சின்ன வயதில் நான் வருவேன் என்று ஜன்னலில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. கடைசியில் சொன்னதைக் கோபமில்லாமல்தான் சொன்னான். நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

ஆறாவது, மிலேத்தா பெரியவர் வீட்டு நீல வண்டி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரியாவுக்குப் போன மருமகன் விட்டுவிட்டுப் போன வண்டி. ஹேண்டில்பாரும் ஃபிரேமும் சேருகிற இடத்தைக் கழுத்து என்போம். அங்கே பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. விரலால் தடவினேன். எப்போதோ மோதிக் கழுத்து விட்டிருக்கிறது. எவனோ கற்றுக்குட்டி வெல்டிங் வைத்து, ராவி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறான். வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். எனக்கு வெட்கமாக இருக்கிறது சொல்ல, அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு சனிக்கிழமை பொய் சொல்லத் தேவையில்லை.

"இது எமன்டா. ஒரு நாள் வேகமாப் போய் பிரேக் போடுவே, முன்சக்கரம் தனியா, நீ தனியாப் போயிடுவே" என்று பெரியவர் காது கேட்கவே சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா. மருமகன் வண்டியை வித்துப் பணத்தை அனுப்புங்கன்னான்" என்றார். அப்போதும் சாப்பிடாமல் விடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வண்டி. மூன்றும் நல்லவை. ஒன்பதில் ஏழு பொய். முதல் வண்டியைக் கணக்கில் விட்டால், ஒரே ஒரு நிஜம். சரியாக எழுதிக்கொண்டீர்களா?

மே மாதக் கடைசியில் அகப்பட்டுக்கொண்டேன். ரெல்யாவோடு வேலை செய்கிற ஒருவன் அந்த இவான்யிட்சா வாத்தியாரின் வெள்ளி வண்டியையே வாங்கி, மாண்டினீக்ரோ கடற்கரை வரை போய்த் திரும்பியிருக்கிறான். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லையாம். ரெல்யா மூன்றாவது வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டிருக்கிறான், நாலாவது வீட்டுக்காரருக்கும் போட்டிருக்கிறான். பிறகு பஸ் பிடித்து நேரே என் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் திறந்து உள்ளே வரவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணீங்க, ராதென்கோ?" என்றான். பெயரைச் சொன்னான்.

உன்னோடு இருக்கத்தான்டா என்று சொல்லியிருக்கலாம். "ஜாக்கிரதையா இருக்கணும்னுதான்" என்றேன்.

"பதினாறு வருஷம் இல்லாத ஜாக்கிரதை இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வாரம் ஃபோன் இல்லை. நான் செய்தால் எடுக்கவில்லை. ராத்திரி பகல் தெரியாமல் கிடந்தேன். மனைவி போனபோதுகூட நான் அப்படி இடிந்து போகவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், கூப்பிட்டான். பின்னால் கோழி கத்துகிற சத்தம்.

"அப்பா, நான் கோவமா இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இந்த ஒரு தடவை நிஜத்தைச் சொல்லு. நான் மிலேத்தா மாமா வீட்லதான் நிக்கறேன். இந்த நீல வண்டியை விலை குறைச்சுக் குடுக்கறாரு. ஆனா வித்தா எனக்குப் பாவம்ங்கறாரு. கழுத்து உடைஞ்சிருக்குன்னு உங்கப்பன் சொன்னான், முதல்ல அவனைக் கேளுங்கறாரு. அதுவும் பொய்தானேப்பா?"

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். இல்லையடா, அது மட்டும் நிஜம் என்றால் அவன் நம்புவானா? இவன் திருந்தவே மாட்டான் என்று ஃபோனை வைத்திருப்பான். அதற்குப் பிறகு சாகும்வரை நான் ராதென்கோதான். இப்போதோ, மூச்சுக்கு மூச்சு அப்பா என்கிறான்.

"ஆமாடா. அதுவும் பொய்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். "எனக்குத் தெரியும். வண்டி வாங்கிட்டா உன்னைப் பாக்க வரமாட்டேன்னு பயந்துட்டே, அதானே? பைத்தியக்கார மனுஷன்பா நீ. வரப்போற சனிக்கிழமை வண்டியிலயே வரேன். நல்லாச் சமைச்சு வை." பக்கத்தில் பெரியவர், "அப்பாடா, நல்ல வார்த்தை சொன்னான் உங்கப்பன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் உங்களிடம் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவரை விட்டுவிடுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒவ்சார் கணவாயில், ஆற்றோரத் திருப்பத்தில் பிரேக் போட்டிருக்கிறான். மற்றதெல்லாம் உங்கள் படங்களில் இருக்கிறது. வீட்டு வாசலிலும் கம்பத்திலும் ஒட்டிய மரண அறிவிப்பில், துக்கத்தில் இருப்பவர்கள் என்ற இடத்தில் ஸ்லாவிட்சா என் பெயரை முதலில் போடச் சொல்லியிருந்தாள். அப்பா ராதென்கோ என்று அச்சடித்திருந்தது. எனக்குத் தகுதியில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில் ஒரு அறிவிப்பைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றிலிருந்து வியாழன் வரை நாலு நாள் இருந்ததே, அதற்குள் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சனிக்கிழமை வண்டி எப்படியும் என் முற்றத்துக்கு வரும், அவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது கழுத்தைச் சத்தமில்லாமல் வெல்டிங் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

எழுதிவிட்டீர்களா? அதை அடித்துவிடுங்கள். இந்த நாற்பது நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது அது. அந்த இடத்தில் இரண்டாம் முறை வெல்டிங் நிற்காது, ஃபிரேமையே மாற்ற வேண்டும். முப்பத்துநாலு வருட வெல்டருக்கு அது தெரியாதா. ஷெட்டிலிருந்து மெஷினை நான் வெளியே எடுக்கக்கூட இல்லை. திங்கட்கிழமை கறிக்கடையில் ஆட்டுக்கறி சொல்லிவைத்தேன். செவ்வாய்க்கிழமை, ஆடிக்கொண்டிருந்த இரண்டாவது நாற்காலிக்கு ஆணி அடித்தேன். புதன்கிழமை ஜன்னல் துடைத்தேன். அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. சனிக்கிழமை அவன் வந்திருந்தால், சாப்பிட்டிருப்பான், நாலு வார்த்தை அப்பா என்றிருப்பான், பிறகு அதே வண்டியில் ஏறிக் கிளம்பியிருப்பான். நான் வாசலில் நின்று கை காட்டியிருப்பேன்.