பதினோராம் நிமிடத்து இருமல்

வெலிமடை உருளைக்கிழங்குப் பிரட்டலும் ஞாயிறு பிற்பகலில் ஒரு ருஷ்ய சிம்பொனியும் இருந்தால் எனக்குப் போதும். வேறு ஆசைகள் இல்லாத மனிதன் நான். பதுளையில் யாரையும் விசாரித்துப் பாருங்கள்.

1959இல் ஒரே சைக்கோவ்ஸ்கி சிம்பொனிக்கு எங்களிடம் இரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. என்னுடையது ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தது. சலவை வேட்டிபோலச் சுத்தம். நமுனுகுலையில் தோட்டத்து மருந்துசாலையைப் பார்த்துவந்த இளையதம்பியுடையது, லண்டனில் சபையோர் முன்னால் வாசிக்கையில் பதிந்தது. நாற்காலி கிரீச்சிடும். வயலின்கள் அவசரப்படும். பதினோராம் நிமிடத்தில், எல்லாம் அடங்கிக் குழல் மட்டும் ஒலிக்கும்போது, யாரோ இருமுவார்கள்.

அந்த யாரோ, இளையதம்பியின் தம்பி தர்மராசா. அங்கே படிக்கப் போனவன். "நான் இருமினது தட்டில விழுந்திட்டுது அண்ணை" என்று எழுதித் தட்டையும் அனுப்பியிருந்தான். அடுத்த குளிர்காலத்தில் நிமோனியாவில் போய்விட்டான். குரல் என்று மிஞ்சியது அந்த இருமல்தான்.

ஞாயிறுதோறும் இளையதம்பி பஸ்ஸேறி தட்டுப் போடும் என் வீட்டு ரேடியோகிராமைத் தேடி வருவார். இரண்டு தட்டையும் ஒப்பிடுவோம். நான் சுருதியைப் பற்றிப் பேசுவேன். அவரோ, "பொறுங்கோ அண்ணை, இப்ப இருமுவான்" என்பார். சமையல் செய்யும் ராசம்மாகூடத் தேநீரோடு வாசலில் நின்று, "தம்பி ஐயா இருமிட்டாருங்க" என்று சிரிப்பாள். சிம்பொனியை யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு நல்ல மழை. நனைந்துவிடும் என்று தட்டை என்னிடம் விட்டுப் போனார். சவர பிளேட்டால் இருமல் வரும் இடத்தில் ஒரு கீறல் போட்டேன். அவசரப்படவில்லை, என் மனைவி லீலாதேவியின் பக்திப் பாட்டுத் தட்டுகள் மூன்றில் பழகிய பிறகே கை வைத்தேன். ஊசி அழகாகத் தாவியது. இரண்டு விநாடிதான். குழலுக்குக்கூடப் பெரிய சேதமில்லை.

அடுத்த வாரம் அவர் விரலை உயர்த்திக் காத்திருந்தார். ஊசி தாவியது. மறுபடி போடச் சொன்னார். மூன்று தரம்.

"எங்கங்க ஐயா அவரு?" என்றாள் ராசம்மா.

"நான்தான் கனதரம் போட்டுத் தேய்ச்சுப்போட்டன்" என்றார் இளையதம்பி.

அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "பரவாயில்லை, என்ரையைக் கேப்பம்" என்றேன். கடைசிவரை இருந்து கேட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் வரவில்லை. அவருக்கு இசையில் ஈடுபாடு கிடையாது என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அதை உறுதிசெய்துகொள்ள ஒரு பிளேட் போதுமாயிருந்தது.