பதினைந்துக்குப் பதினான்கு

அதிகாலை மூன்றரை மணி. மட்டாஞ்சேரி பஜார் ரோடு. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆடி மாதக் கர்க்கடக மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிடங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சுக்கு வாசனை... அதோடு ஒரே ஒரு விளக்குமாற்றின் சத்தம். சரக்... சரக்...

சுஜித், கதை முடியும்வரை சாயாவைக் கீழே வை. பயந்து என் மேல் கொட்டாதே.

பெருக்கிக்கொண்டிருந்தவன் செல்லப்பா. என் கூட்டாளி பிரதீஷுக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. ஆனால் சட்டைப் பையில் இருந்த கார்ப்பரேஷன் வேலை அட்டையில் வேறு பெயர். முத்துராமலிங்கம். அது அவன் அண்ணன். ஏழு வருஷம் முன்னால் இடக்கொச்சிக் காயலில் மீன் பிடிக்கப் போனவன்... திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மறுநாள் தம்பி அண்ணனின் அட்டையோடு வேலைக்குப் போனான். இரண்டு பேருக்கும் ஒரே முகம். யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குக் கருமாதிகூடச் செய்யவில்லை. செய்தால் வெளியே தெரியும், வேலையும் குவாட்டர்ஸும் போய்விடும்.

பின்னாலிருந்து ஒரு லாரி... விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரியில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள். மண்டைக்குள் ரத்தக்கட்டு. அந்த மாதிரி ஆட்களுக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொரு தடவை மார்க் போடுவார்கள். கண் திறந்தால் நாலு வரை, பேசினால் ஐந்து வரை, கை கால் அசைந்தால் ஆறு வரை. மொத்தம் பதினைந்து. ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூன்று. ஆமாம், பிணத்துக்கும் மூன்று உண்டு. அவனுக்கு நாலு. இந்த மார்க்கில் வந்தவர்கள் மீள்வது அபூர்வம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மார்க் போடுவது எப்படி? அம்பிளி ஸிஸ்டர் அவன் காதருகே குனிந்து உரக்கக் கூப்பிடுவாள். "முத்துராமலிங்கம்! கண்ணு தொறக்கு! முத்துராமலிங்கம்!" பகலெல்லாம், ராத்திரியெல்லாம், மணிக்கு மணி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் பெண்டாட்டி பாப்பா. அது அவர் பெயர் இல்லை என்று சொல்ல வாய் வரும்... வேலை நினைவுக்கு வரும், இரண்டு பெண் குழந்தைகள் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வாள். தானாவது சரியான பெயரைக் கூப்பிடலாம் என்றால், புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பாவம், அவள் என்ன செய்வாள்?

மூன்றாம் ராத்திரி மார்க் ஏழு. விரிப்பு நனைந்திருந்தது என்று ஸிஸ்டர் மாற்றினாள். மூத்திரம் இல்லை. உப்புத் தண்ணீர்... காயல் சேற்று நாற்றம்.

ஆறாம் நாள் கண் திறந்தது. பத்து. பதினோராம் நாள் வாய் திறந்தது.

"பேரென்னா?" என்றாள் ஸிஸ்டர்.

"முத்துராமலிங்கம்."

பாப்பா அழுதாள்... சந்தோஷத்தில். இந்த நிலையிலும் வேலையைக் காப்பாற்றுகிறாரே என்று நினைத்தாள்.

"இது எந்த வருஷம்?"

"தொண்ணூத்தியொண்ணு."

ஒரு மார்க் போயிற்று. பதினான்கு. அதுவும் போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சிரித்தார்.

பள்ளுருத்தி குவாட்டர்ஸ். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. குழந்தைகள் தூங்கிவிட்டன. பாப்பா கதவைச் சாத்தினாள். அவன் காதருகே குனிந்தாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

"செல்லப்பா... இங்க வேற யாரும் இல்லங்க. இனிமே நடிக்க வேண்டாம்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே எழுந்தான். தம்பி பெண்டாட்டிக்கு முன்னால் மூத்தவர்கள் ஒதுங்குவார்களே, அப்படி ஒதுங்கினான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"உள்ள தாழ்ப்பா போட்டுக்கோம்மா."

பிறகு வெளியிலிருந்து, மெதுவாக...

"அவன் அங்கனதான் நிக்கான், ஆஸ்பத்திரில. அந்தக் கட்டில் பக்கத்துல. பதினோரு நாளும் காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே நின்னான்... ஒரு தடவகூட அவன் பேர யாரும் கூப்பிடலியே."