அட்டை வைத்து அடைத்த துவாரம்

ரொசாரியோவில் குளிர் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றிலிருந்து வரும் ஈரம்தான் எலும்பில் ஏறும். ஜூலையில் குளிர்காலம் வந்தால் சுவரிலுள்ள காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைத்துவிட்டுக் காஸ் ஹீட்டரைப் போட்டுக்கொள்வோம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டிலும் அடைத்துத்தான் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா.

நேலிதா மட்டும் அடைக்க மாட்டாள். அவளுடைய சித்தி அப்படி அடைத்த அறையில் தூங்கப் போனவள், எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து இவள் இரவெல்லாம் எழுந்து எழுந்து ஹீட்டரைப் பார்ப்பாள். தூக்கம் கெட்டு, தையல் வேலையும் போன பிறகு என்னிடம் வந்தாள். கூட வந்த அக்கா ரொசௌராவுக்குச் சிரிப்பு.

"இவ வீட்டைச் சூடாக்கல டாக்டர், தெருவையே சூடாக்கிட்டு இருக்கா."

நான் மனநல ஆலோசகர். பயத்தோடு மல்லுக்கு நிற்காதே, அதற்கும் உட்கார இடம் கொடு, மூச்சைக் கவனி, எண்ணம் வெறும் எண்ணம்தான் என்று சொல்லிக்கொடுப்பவன். பலருக்குப் பலித்திருக்கிறது. நேலிதாவும் தூங்கத் தொடங்கினாள், மறுபடி தைத்தாள். துவாரம் ஒன்றுதான் பாக்கி.

அதை அடைத்துவிட்டுப் பயத்தோடு உட்கார்ந்து பழகும் பயிற்சிக்கு அவள் வீட்டுக்கே போனேன். அட்டையை நான்தான் ஒட்டினேன். மாத்தே இலைத் தேநீர் குடித்தபடி ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"தலை பாரமா இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும். விரட்டாதீங்க, சும்மா கவனிங்க."

"ஜன்னலை மட்டும் திறந்துட்டு வந்துடறேனே."

"திறக்கணும்னு தோணுதுல்ல? அதையும் கவனிங்க."

அழுதாள். பிறகு அழுகை நின்றது. "பாத்தீங்களா, உக்காந்துட்டேன்" என்று சிரித்தாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் ரொசௌரா கதவை உடைத்துத்தான் உள்ளே போனாள்.

இப்போது கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நேலிதா எதிரே வந்து உட்காருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என் வீட்டுத் துவாரத்தைத் திறந்துவிட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நான் கிளம்பும்போது ஹீட்டரில் நீலமாக எரிந்த தீ மஞ்சளாகியிருந்தது. காற்று விஷமாகிறது என்று அர்த்தம். இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருந்தால் அவள் பயந்தது சரி என்றாகியிருக்கும், பழையபடி இரவெல்லாம் எழுந்து நடந்திருப்பாள். அதனால் அவளுக்குத் தொந்தரவில்லாமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். அன்று அவள் பயமில்லாமல் தூங்கினாள். அதை அவளுக்குக் கொடுத்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.