குருவம்மா பெரணி பிடுங்கின மேலச்சரிவு

ரோடு ஏறாத காலத்துல, மலைமேல கல்லுக்கொம்பைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. அங்க குருவம்மான்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாளாம்.

வந்த மூணாம் வருசம் வீட்டு மயிலைப்பசு செகப்பா மூத்திரம் பேஞ்சுச்சாம்.

"தீட்டோட தொழுவத்துல கால் வச்சிருக்கா"ன்னாளாம் மாமியா.

"நான் போகல அத்தை."

"அப்ப மாடா பொய் சொல்லுது?"

கேட்டவங்கல்லாம் சிரிச்சாங்களாம். அன்னையிலிருந்து அவ தொழுவத்துக்குப் போகக்கூடாது. தினமும் பால் கறந்த கை சும்மா கெடந்துச்சு. அவ போகாமலே அடுத்த மாடும் செகப்பா பேஞ்சுச்சு. அதுக்கும் அவ பார்வைதான் காரணமாம்.

கடைசியில மயிலை விழுந்துச்சு. தோலுரிக்க வந்த பெரியவரு வயித்தைக் கீறிட்டு, "தாயி, பாரு"ன்னாராம். மூத்திரப்பைக்குள்ள கொத்துக்கொத்தா கட்டி. "மேலச்சரிவுல மேயுற மாட்டுக்குத்தான் இப்படி. ஆத்தோரத்து மாட்டுக்கு நான் பார்த்ததில்ல."

குருவம்மா அழலையாம். மேலச்சரிவையே பார்த்தாளாம். அங்க மண்டிக் கெடக்கிறது பெரணி, பூக்காத காய்க்காத இலைச்செடி. கோடையில புல்லெல்லாம் காஞ்சாலும் பெரணி மட்டும் பச்சையா நிக்கும். மாடு தின்னதும் அதான், தொழுவத்துல படுக்க விரிச்சதும் அதான்.

புருசன் நாகப்பன்கிட்ட, "மயிலையோட கன்னுக்குட்டியை எனக்குக் குடுங்க. தனியா கட்டிக்கிறேன்"னாளாம்.

"அதுவும் செகப்பா பேஞ்சா?"

"என்னைப் பொறந்த வீட்டுக்கே அனுப்பிருங்க."

நாகப்பன் கன்னை அவுத்துக் குடுத்தானாம். அதுக்காக ஆத்துக்கு இறங்குவாளாம், புல் அறுப்பாளாம், சுமையோட ஏறுவாளாம். மழையிலயும் இறங்குவா, காய்ச்சல்லயும் இறங்குவா. தினமும் காலையில முதல் வேலையா கன்னோட மூத்திரத்தைப் பார்ப்பா. தெளிவா இருந்தா மறுபடி இறங்குவா. சந்தோசப்படவும் மாட்டா, பேசவும் மாட்டா. இப்படியே பத்து வருசம்.

தொழுவத்து மாடு ஒவ்வொண்ணா செகப்பா பேஞ்சு செத்துப் போச்சு. குருவம்மா மாடு ஆறு கன்னு போட்டுச்சு.

ஒருநா மாமியாளே வந்து நின்னாளாம். "உன் மாட்டை உள்ள கொண்டாந்து கட்டுடி. நீயே வந்து கற."

"எனக்கு இன்னைக்குத் தீட்டு அத்தை."

மாமியா பால்செம்பை அவ கையில குடுத்தாளாம். "இருந்தா என்ன, வா."

குருவம்மா அங்க விரிச்சிருந்த பெரணியை வாரி வெளிய போட்டுட்டுத்தான் மாட்டை உள்ள ஏத்தினாளாம். பத்து வருசம் கழிச்சு அந்தத் தொழுவத்துல உக்காந்து மடியில கை வச்சாளாம். சூடா, குளிரா, ஒண்ணுமே தெரியலையாம். பால் மட்டும் வந்துச்சாம். கறந்து வச்சிட்டு மேலச்சரிவுக்கு ஏறிப் பெரணியைப் பிடுங்கிப் போட்டாளாம்.

அதனாலதான் கல்லுக்கொம்பையில சித்திரை பொறந்தா பொம்பளைங்க மேலச்சரிவுக்குப் போய்ப் பெரணி பிடுங்குறாங்க. அன்னைக்குத் தீட்டோட இருக்கிறவளுக்குத்தான் முதல் பிடி. பிடுங்கிட்டு நேரா தொழுவத்துக்குப் போய்ப் பால் கறப்பா. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.